பால் வெட்டிய கையில் துப்பாக்கி

நம் பாட்டன் பூட்டன்மார் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து கங்காணியோடு கண்டிச்சீமைக்கு வந்தது உங்களுக்குத் தெரிந்ததே. அதே ஊர்களிலிருந்து வேறு கங்காணிமாரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவில் இறப்பர் பால் வெட்டப் போனவர்களும் உண்டு. அங்கேயும் லயம், பிரட்டு, துரை எல்லாம் இதே மாதிரிதான். கிளாக்கர் ஐயா பல தோட்டங்களில் யாழ்ப்பாணத்தார், இல்லாவிட்டால் மலையாளி. தீவுப்பகுதி ஆட்களும் எழுத்து வேலைக்கும் ரயில்வேக்கும் போயிருந்தார்கள்.

1941 டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் போய்விட்டார்கள். இறப்பர் வாங்க ஆளில்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. போதாததற்கு, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனான். பட்டினி, கொலரா, மலேரியா. ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். அவர் பேச்சைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். தோட்டத்து வாலிபர்கள் கூட்டங் கூட்டமாகப் பேர் கொடுத்தார்கள். தேசப்பற்று என்பார் சிலர். சோற்றுக்காகவும் ரயில் பாதைக்குப் பயந்தும் சேர்ந்தார்கள் என்பார் வேறு சிலர். இரண்டும் இருந்திருக்கும், அதில் என்ன குறைச்சல்? அதுவரை கூலி என்று கூப்பிடப்பட்டவனைச் சிப்பாய் என்று கூப்பிட்டதும் சின்ன விஷயமில்லை.

பெண்கள் கதை இன்னும் பெரிது. அந்த அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை முகாம் திறந்தது. தலைவி, சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். எழுத்து வாசனை அறியாதவர்கள் பலர். கோலாலம்பூர் ஜானகி தேவருக்கு 18 வயது. யாழ்ப்பாண வழிவந்த ஈப்போ ராசம்மாவுக்கு 16. வசதியான வீட்டுப் பிள்ளையும் பால்வெட்டுக்காரி மகளும் ஒரே வரிசையில் நின்று துப்பாக்கி பழகினார்கள். நம் தோட்டங்களில் லயத்துக்கும் கிளாக்கர் பங்களாவுக்கும் இருந்த தூரத்தை நினைத்துப் பாருங்கள்!

1944இல் இம்பாலில் தோல்வி. பர்மாவரை போயிருந்த பெண்கள் 1945இல் விமானக் குண்டுகளுக்கு ஒளிந்து, காட்டுவழியே பல நாள் நடந்து திரும்பினார்கள். சண்டை முடிந்ததும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மறுபடி பால் கத்தியையே எடுத்தார்கள்.

மாண்ட வீரர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் கட்டிய நினைவுத் தூணை, திரும்பி வந்த ஆங்கிலேயர் 1945லேயே இடித்துப்போட்டார்கள். அந்த இடத்தில் 1995இல்தான் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது.