சிறுவர் மார்பில் ஒரு சிறு வீக்கம் – காரணம் என்ன? வழி என்ன?



பருவ மாற்றங்களைப் பற்றி உங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும்; மீசை அரும்பும்; தோள் அகலும்; உயரம் கூடும். இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம் பெறாத இன்னொரு மாற்றமும் உண்டு. மார்புக் காம்பின் அடியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் திசு திரண்டு, மார்பு சற்றே புடைத்துத் தெரிவதுதான் அது. சட்டை உரசினால் வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் வரலாம். இரு பக்கமும் வரலாம்.

புத்தகத்தில் இல்லாததால், இது வந்த பையன் தனக்கு மட்டுமே ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறான். யாரிடமும் சொல்வதில்லை. கிணற்றில் நீந்தப் போவதை நிறுத்துகிறான். கபடி ஆடக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்கிறான். வெயில் காலத்திலும் உள்ளே இறுக்கமான பனியன் போட்டுக்கொண்டு, முதுகைக் கூனி நடக்கிறான். உண்மை என்ன தெரியுமா? பருவம் எய்தும் சிறுவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இம்மாற்றம் வருகிறது. 40 ஆண் பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவனைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்!

மருத்துவர்கள் இதைக் கைனகோமாஸ்டியா என்பர். கிரேக்க மொழியில் ‘கைனே’ என்றால் பெண். ‘மாஸ்டோஸ்’ என்றால் மார்பு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவர் வழங்கிய பெயர் இது. பெயரில் ‘பெண்’ இருப்பதால் மிரள வேண்டாம். இம்மாற்றத்தால் ஓர் ஆண், பெண்ணாகிவிடுவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஆண்களுக்கு மார்புக் காம்பு எதற்கு?

தாயின் வயிற்றில் கரு உருவான ஐந்தாறு வாரங்களில், அக்குள் முதல் தொடை இடுக்கு வரை இரு பக்கமும் ஒரு கோடு போன்ற மேடு தோன்றுகிறது. இதற்குப் பால் கோடு என்று பெயர். மனிதக் கருவில் இக்கோட்டின் பெரும்பகுதி மறைந்து, மார்புப் பகுதி மட்டும் எஞ்சுகிறது. காம்பும் அதன் அடியில் உள்ள நுண்குழாய்களும் இதிலிருந்தே உண்டாகின்றன.

கரு ஆணா, பெண்ணா என்று உடலில் வேறுபாடு தோன்றத் தொடங்குவது ஏழாம் வாரத்தை ஒட்டித்தான். அதற்கு முன்பே பால் கோடு போடப்பட்டு விடுகிறது. ஆகவே எல்லா ஆண்களின் மார்பிலும் சிறிதளவு மார்பகத் திசு உறங்கிக் கிடக்கிறது. அதைத் தட்டி எழுப்புவது எது?

துலாக்கோலின் இரு தட்டுகள்

நாளமில்லாச் சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள்களே ஹார்மோன்கள் என்பதை அறிவீர்கள். டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் பெண் ஹார்மோன். ஆனால் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு மற்றொன்று என்று இயற்கை பாகம் பிரித்து வைக்கவில்லை. இருவர் உடலிலும் இரண்டும் உள்ளன. அளவில்தான் வேறுபாடு.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஆணின் உடலில் உள்ள ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதி, ஆண் ஹார்மோன்களிலிருந்தே தயாராகிறது! அரோமடேஸ் என்னும் நொதி இந்த மாற்றத்தைச் செய்கிறது. இந்நொதி கொழுப்புத் திசுவில் நிறைய உண்டு.

இப்பொழுது ஒரு துலாக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஈஸ்ட்ரோஜன். அது மார்பகத் திசுவை வளரச் சொல்கிறது. மறு தட்டில் டெஸ்டோஸ்டிரோன். அது வேண்டாம் என்று தடுக்கிறது. பருவம் தொடங்கும்போது இரண்டுமே ஏறுகின்றன. ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. டெஸ்டோஸ்டிரோன் முடிவில் ஏறத்தாழ 30 மடங்கு உயரும். ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடயால் 3 மடங்குதான் உயரும். ஆனால் அது முந்திக்கொண்டு ஏறிவிடுகிறது. மேலும், பருவத்தின் தொடக்கத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் இரவு உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. ஆகவே சில காலம் துலாக்கோல் ஒரு பக்கம் சாய்கிறது. உறங்கிய திசு விழித்துக்கொள்கிறது.

எல்லாருக்கும் ஏன் இது வருவதில்லை? இரத்தத்தில் ஹார்மோன் ஒரே அளவில் இருந்தாலும், அதற்குத் திசு எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உயரமும் நிறமும் மாறுவது போலத்தான் இதுவும்.

மூன்று பருவங்கள்

ஆணின் வாழ்வில் மூன்று முறை இது இயல்பாக வரலாம்.

முதலாவது, பிறந்தவுடன். தாயின் ஈஸ்ட்ரோஜன் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்வதால், ஆண், பெண் இரு குழந்தைகளுக்குமே மார்பு சற்று வீங்கியிருக்கும். ஒரு துளி பால்கூடக் கசியலாம். சில வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்கி எடுக்கும் வழக்கம் இருக்கிறது. இது மிகவும் தவறு, சீழ் பிடிக்கும். தொடாமல் விட்டால் சில வாரங்களில் தானே வற்றிவிடும். வீட்டில் யாரேனும் பிதுக்கப் போனால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் பருவ வயது. பெரும்பாலும் 13, 14 வயதில் இது உச்சமாக இருக்கும்.

மூன்றாவது, முதுமை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, கொழுப்பு மிகும்போது துலாக்கோல் மீண்டும் சாய்கிறது.

திசுவா, கொழுப்பா?

பருமனான சிறுவர்களுக்கு மார்பில் வெறும் கொழுப்பு சேர்ந்தும் புடைப்புத் தெரியும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்கிறார். பையனை மல்லாந்து படுக்க வைத்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களில் வைத்துக் காம்பை நோக்கி மெல்ல நகர்த்துவார். காம்பின் நேர் அடியில், ரப்பர் போன்ற ஒரு வட்டத் தட்டு விரலில் தட்டுப்பட்டால் அது மார்பகத் திசு. ஒன்றும் தட்டுப்படாமல் விரல்கள் காம்பு வரை சென்றால் அது கொழுப்பு. சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? கொழுப்பு என்றால் ஓட்டமும் விளையாட்டும் அளவான உணவும் அதைக் குறைக்கும். மார்பகத் திசுவோ தண்டால் எடுத்தாலும் கரையாது. அடியில் உள்ள தசைதான் வளரும். ‘உடற்பயிற்சி செய்தும் போகவில்லையே’ என்று நொந்துகொள்ளும் சிறுவன், தன் முயற்சியில் குறையில்லை என்பதை அறிய வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் விரைய வேண்டும்?

பெரும்பாலும் இது நோயின் அறிகுறி அன்று. எனினும் சில வேளைகளில் வேறு காரணம் ஒளிந்திருக்கும். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு சுரப்பி ஆகியவற்றின் நோய்களில் இது தோன்றலாம். ஆண்களுக்கு எக்ஸ், ஒய் என்று இரு பால் குரோமோசோம்கள் இருக்கும் அல்லவா? ஓர் எக்ஸ் கூடுதலாக அமைந்த கிளைன்ஃபெல்டர் நிலையிலும் வரலாம். மிக அரிதாக, விதையில் தோன்றும் கட்டியும் காரணமாகலாம். ஸ்பைரனோலாக்டோன், கீட்டோகொனசோல் போன்ற சில மருந்துகளும் இதை உண்டாக்கும்.

உடற்பயிற்சிக் கூடங்களில் ‘உடம்பு ஏறும்’ என்று கொடுக்கப்படும் ஸ்டீராய்டு ஊசி, மாத்திரைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவை ஆண் ஹார்மோனின் உறவினர்கள். அவற்றில் பல அரோமடேஸிடம் அகப்பட்டு ஈஸ்ட்ரோஜனாகிவிடும். ஆண்மைத் தோற்றம் வேண்டி மருந்து ஏற்றியவனுக்கு மார்பு வளர்வது இப்படித்தான்!

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்:

1. பருவ மாற்றம் தொடங்கும் முன்பே மார்பு வீங்குதல்.
2. மிக வேகமாக வளர்தல், அல்லது 4 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்தல்.
3. காம்புக்கு நேர் அடியில் இல்லாமல் ஒரு பக்கமாக, கல் போன்ற கட்டி இருத்தல்.
4. காம்பிலிருந்து நீரோ இரத்தமோ கசிதல்; தோல் சுருங்கி உள்ளிழுத்தல்.
5. விதையில் கட்டியோ வீக்கமோ இருத்தல்.

மருத்துவர் தேவை என்று கண்டால் இரத்தத்தில் ஹார்மோன் அளவுகளையும், கல்லீரல், சிறுநீரகச் செயல்பாட்டையும் சோதிப்பார். மறைக்காமல் பதில் சொல்லுங்கள். விதைகளையும் பார்க்க வேண்டும் என்றால் கூச்சப்பட வேண்டாம். அவருக்கு அது அன்றாட வேலை.

முதல் வழி: காத்திருத்தல்

வேறு நோய் இல்லை என்று உறுதியானால், முதல் சிகிச்சை பொறுமைதான். டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏறத் துலாக்கோல் நிமிர்கிறது. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் வீக்கம் வடிந்துவிடுகிறது. 17 வயதுக்குப் பிறகும் நிற்பது சிலருக்கே.

காத்திருத்தல் என்றால் கவனிக்காமல் விடுவது என்று பொருள் அன்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டி அளவைக் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வழி: மருந்து

ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டமாக்ஸிபென் போன்ற மருந்துகளைச் சில வேளைகளில் மருத்துவர்கள் தருகிறார்கள். இவை பயன்படுவது தொடக்க காலத்தில்தான். ஓராண்டுக்கு மேல் ஆனால் திசு நார்த்தன்மை அடைந்து இறுகிவிடும். அதன்பின் மருந்து அதிகம் உதவாது.

மருந்தை மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை அறிவியல் மாணவராகிய நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அரோமடேஸைத் தடுக்கும் அனஸ்ட்ரசோல் என்னும் மருந்தைச் சிறுவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சிறுவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து மருந்து உண்டவர்களில் 38.5 விழுக்காட்டினருக்கு வீக்கம் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்திருந்தது. நல்ல மருந்து என்று தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள். வெற்று மாத்திரை உண்டவர்களிலும் 31.4 விழுக்காட்டினருக்கு அவ்வாறே குறைந்திருந்தது! இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. ஆகவே மருந்து வென்றதாகக் கொள்ள முடியாது.

விளம்பரங்களில் வரும் களிம்பும் லேகியமும் ஏன் ‘வேலை செய்கின்றன’ என்று இப்போது புரிகிறதா? தானே வடியும் வீக்கத்தின் மேல் எதைத் தடவினாலும், புகழ் தடவியதற்குப் போய்ச் சேரும். அவற்றுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

மூன்றாம் வழி: அறுவைச் சிகிச்சை

வளர்ச்சி முடிந்த பிறகும், அதாவது ஏறத்தாழ 17, 18 வயதுக்குப் பின்னும், வீக்கம் மாறாமல் நின்று மனத்தை வருத்தினால் அறுவைச் சிகிச்சையை எண்ணிப் பார்க்கலாம். இது புதிய சங்கதி அன்று. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈஜினா ஊர்ப் பால் என்னும் கிரேக்க மருத்துவர், பிறை வடிவில் கீறித் திசுவை அகற்றித் தைக்கும் முறையை எழுதி வைத்துள்ளார். இது பிறர் பழிப்புக்கு இடமாவதையே அறுவைக்குக் காரணமாக அவர் காட்டுகிறார். 1,300 ஆண்டுகளுக்கு முன்பும் நோயை விடக் கேலிதான் அதிகம் வலித்திருக்கிறது!

இன்று காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறித் திசுவை எடுக்கிறார்கள். 1946இல் வெப்ஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் விளக்கிய முறை இது. நிற வேறுபாட்டின் எல்லையில் கீறுவதால் தழும்பு எளிதில் கண்ணில் படாது. கொழுப்பும் மிகுந்திருந்தால் மெல்லிய குழாய் வழியே அதை உறிஞ்சி எடுப்பார்கள். பின்னர்ச் சில வாரங்கள் இறுக்கமான உள்ளாடை அணிய வேண்டியிருக்கும்.

நன்மை தெளிவு: நீங்காத வீக்கம் நீங்குகிறது. குறைகளும் உண்டு. இரத்தம் கட்டலாம்; நீர் கோக்கலாம்; காம்பில் உணர்வு குறையலாம்; மார்பு பள்ளமாகவோ இரு பக்கமும் ஒவ்வாமலோ ஆகலாம். வளரும் வயதில் அவசரப்பட்டுச் செய்தால் திசு மீண்டும் வளரவும் கூடும். தேர்ச்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அத்துறை இருந்தால் அங்கே முதலில் கேட்கலாம். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

அதுவரை?

தளர்வான, சற்றே கெட்டியான துணியில் சட்டை அணியுங்கள். கூனாமல் நிமிர்ந்து நடங்கள். கூனினால் முதுகுதான் வலிக்கும். விளையாட்டை விடாதீர்கள். அப்பா, அண்ணன், மாமா, ஆசிரியர் என நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அவர்களில் சிலர் இதே கட்டத்தைக் கடந்து வந்தவர்களாகவே இருப்பார்கள். மனச்சோர்வு மிகுந்து பள்ளிக்கே போகப் பிடிக்கவில்லை என்றால், அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தியே.

இது வராத மாணவர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் வைக்கும் ஒரு பட்டப்பெயர் ஒரு நிமிடச் சிரிப்பு. அதைக் கேட்டவன் இரண்டு ஆண்டு நீச்சலை விட்டுவிடுகிறான். வீக்கத்துக்குக் காரணம் ஹார்மோன். அதை நீங்கள் தடுக்க முடியாது. கேலிக்குக் காரணம் நீங்கள். அதை இன்றே நிறுத்த முடியும்.

சிந்தித்து விடை கூறுங்கள்

1. ஆண்களுக்கும் மார்புக் காம்பு இருப்பது ஏன்?
2. உடல் பருமன் கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடுவது எப்படி?
3. வெற்று மாத்திரை கொடுக்காமல் அந்த ஆய்வைச் செய்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்போம்?
4. 14 வயதில் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.