வாசம் பிடிக்கும் குளவி

மைசூரில் மத்தியப் பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பட்டுப்புழு வளர்ப்போருக்கு அது வழி காட்டுகிறது.

1980இல் கர்நாடகத்துக்குள் ஒரு பகை நுழைந்தது. மேற்கு வங்கத்திலிருந்து வந்த பட்டுக்கூடுகளோடு வந்தது. அதுதான் ஊசி ஈ.

இந்த ஈ பட்டுப்புழுவின் உடல்மேல் முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு, உள்ளே புகுந்து தின்னும். புகுந்த இடத்தில் கறுப்புத் தழும்பு தெரியும். பட்டுக்கூடு ஓட்டையாகும். கடன் வாங்கிப் புழு வளர்த்தவர் கையில் என்ன மிஞ்சும்?

பூச்சிமருந்து அடிக்கலாமா? கூடாது. பட்டுப்புழுவும் செத்துவிடும்.

இங்கேதான் ஒரு சிறிய குளவி உதவுகிறது. அதன் பெயர் நெசோலின்க்ஸ் தைமஸ். அது நம்மைக் கொட்டாது.

ஊசி ஈயின் கூட்டுப்புழு மண்ணிலும் இடுக்கிலும் மறைந்து கிடக்கும். நம் கண்ணுக்கு எளிதில் படாது. இத்தகைய குளவிகளுக்கு உணர்கொம்புகளே மூக்கு. அவற்றால் இரையின் வாசத்தை அறியும். அருகில் போய்த் தொட்டுப் பார்க்கும். பிறகு துளைத்து, உள்ளே முட்டை இடும். குளவியின் குஞ்சுகள் ஈயின் கூட்டுப்புழுவைத் தின்றுவிடும். அதிலிருந்து ஈ வராது. குளவிகளே வரும்.

சன்னலுக்கு நைலான் வலை கட்டுவோம். குளவியையும் விடுவோம். இரண்டும் சேர்ந்தால் பட்டு பிழைக்கும்.

சிந்திப்போம்: நம் வயலில் மருந்து அடித்தால் எந்தெந்த நல்ல பூச்சிகள் சாகும்?