பெரும்பான்மை இல்லாதபோது ஆட்சி அமைவது எப்படி?

தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாவிட்டால் ஆட்சி யாருக்கு? அதிக ஸ்தானம் பெற்றவருக்கே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. கீழ்ச்சபையில் பெரும்பாலோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரே பிரதமர் என்கிறது மலேசிய அரசியல் சட்டத்தின் 43ஆவது ஷரத்து. இந்தியாவில் 1996இல் 161 ஸ்தானங்களுடன் முதலிடம் பெற்ற பாரதீய ஜனதாவின் வாஜ்பாய், பெரும்பான்மை சேர்க்க முடியாமல் 13 நாளில் விலகினார்.

நம் நாட்டில் 2022 நவம்பர் 19இல் நடந்த தேர்தலைப் பார்ப்போம். மொத்த ஸ்தானம் 222, வேண்டியது 112. பக்காத்தான் ஹராப்பானுக்குத் தோழமைக் கட்சியையும் சேர்த்து 82. பெரிக்காத்தான் நேஷனலுக்கு 73. பாரிசான் நேஷனலுக்கு 30. மற்றவை பெரும்பாலும் சரவாக், சபா கட்சிகளிடம். இரு பெரும் அணிகளும் சேர்ந்து ஆளலாம் என்று அப்போதைய மாமன்னர் சுல்தான் அப்துல்லா யோசனை கூறினார். முஹிதீன் யாசின் இசையவில்லை. 24ஆம் தேதி அன்வார் இப்ராஹிம் பிரதமரானார்.

82உம் 30உம் கூட்டினால் சரியாக 112. ஒருவர் நழுவினாலும் கணக்கு இடிக்கும். ஆகவே சரவாக், சபா அணிகளையும் சேர்த்து, டிசம்பர் 16இல் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டார்கள். 19ஆம் தேதி சபை நம்பிக்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கோலசிலாங்கூரில் எதிரெதிரே நின்ற டாக்டர் சுல்கிஃப்லியும் தெங்கு சஃப்ருலும் ஒரே அரசின் பக்கம் வந்தார்கள். தோற்ற தெங்கு சஃப்ருல், மேல்சபை வழியாக வர்த்தக மந்திரியானார்.

இது மந்திரி பதவியைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டாட்சி. கடையில் பாகஸ்தர் சேருவது போன்றது. லாபமும் பழியும் இருவருக்கும் உண்டு. சிறுபான்மை அரசோ வேறு வகை. அதற்கு வெளியிலுள்ளவர்கள் பதவி ஏற்காமல், கவிழ்க்காதிருப்போம், பட்ஜெட்டைத் தோற்கடிக்க மாட்டோம் என்று மட்டும் வாக்களிப்பார்கள். இது ஜாமீன் போன்றது. ஜாமீன்தாரர் கைவிட்டால் கடை நில்லாது. தேவகௌடாவின் அரசு 1997இல் காங்கிரஸ் ஆதரவை விலக்கியதும் வீழ்ந்தது.

ஆனால் எழுதிய ஜாமீனுக்குப் பலன் உண்டு. 2021 ஆகஸ்டில் அம்னோ உறுப்பினர் சிலர் ஆதரவை விலக்க, முஹிதீன் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த இஸ்மாயில் சப்ரியின் பெரும்பான்மையும் சொற்பமே. அவர் செப்டம்பர் 13இல் எதிரணியுடன் நிபந்தனைகளை எழுதி ஒப்பந்தம் செய்தார். அதில் கேட்கப்பட்ட கட்சித் தாவல் தடைச்சட்டம் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது.

நமக்கு இதில் என்ன? பட்ஜெட்டே அரசின் உயிர்நாடி. 2022 அக்டோபரில் பார்லிமெண்ட் கலைந்ததால் அப்போது சமர்ப்பித்த பட்ஜெட் நிறைவேறவில்லை. புதிய அரசு டிசம்பரில் தற்காலிக நிதி மசோதாவை நிறைவேற்றிய பின்பே அடுத்த ஆண்டுச் சம்பளங்களுக்கு வழி பிறந்தது. ஆசிரியருக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கும் சம்பளம் தாமதித்தால், கோலசிலாங்கூரிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் நம் கடைகளின் பற்றுக் கணக்குத்தான் நீளும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குப் பழக்கம். இனி எவர் பெரும்பான்மை தமக்கு உண்டு என்று சொன்னாலும், எத்தனை பேர் என்பதோடு நிற்காமல் மூன்று கேள்வி கேட்போம்: எதற்கு ஆதரவு? எதுவரை? எழுத்தில் உண்டா?