மழைக்குக் காத்திருக்கும் புறா ஆர்க்கிட்

தோட்டப்புறச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில், நேற்றுவரை வெறும் தண்டும் இலையுமாகத் தொங்கிய செடிகள் இன்று காலை வெண்மலர் போர்த்து நறுமணம் வீசுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். மறுநாள் அம்மலர்கள் வாடிவிடும். இதுவே புறா ஆர்க்கிட். மலர் பறக்கும் புறாவை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. மலாய் மொழியிலும் இதனை 'அங்கிரிக் மெர்பாத்தி' என்பர்.

மலரும் விதம்

இச்செடியின் மொட்டுகள் சிறிதளவு வளர்ந்ததும் உறங்கிவிடும். பெருமழையால் காற்றின் வெப்பம் திடீரென ஏறக்குறைய 5 பாகை செல்சியஸ் குறையுமாயின் அவை விழித்து வளரும். அதிலிருந்து சுமார் 9ஆம் நாள், அவ்வட்டாரத்துச் செடிகள் யாவும் ஒரே நாளில் மலரும். பூச்சிகள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொன்றிற்குக் கொண்டு செல்ல இவ்வொற்றுமை உதவுகின்றது.

இதனை அறியாதோர், செடி பூக்கவில்லையென்று உரத்தையும் நீரையும் மிகுதியாக இடுகின்றனர். பூ வருவதில்லை, வேர் அழுகிச் செடியே மடிகின்றது.

வளர்க்கும் முறை

இது மரத்தைப் பற்றி வாழும் செடி, மண்ணில் நடலாகாது. தேங்காய் மட்டையிலோ முற்றத்து மரக்கிளையிலோ கயிற்றால் கட்டுக. துளைகளுள்ள சட்டியில் அடுப்புக்கரித் துண்டுகளை இட்டும் வளர்க்கலாம். காலை வெயிலும் நல்ல காற்றும் வேண்டும். மழையில்லா நாட்களில் காலையில் நீர் தெளித்தால் போதும். உரமிடுவதாயின் மிகுந்த நீரில் கரைத்து, இரு வாரத்திற்கு ஒருமுறை தெளிக்கலாம். வீட்டினுள் வைக்கப்பட்ட செடிக்கு மழையின் குளிர்ச்சி எட்டாது; ஆதலால் வெளியிலேயே வைக்க வேண்டும்.

காட்டுச் செடிகளைப் பறித்தல் தகாது. முறிந்து விழுந்த கிளைகளில் உள்ளவற்றை எடுக்கலாம். அண்டை வீட்டார் செடியின் தண்டில் வேர்விட்ட இளங்கன்றைக் கேட்டுப் பெறலாம்.

சட்டியின் கீழ்த் தட்டு வைத்தல் வேண்டா. அதில் தேங்கும் நீரில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். மலர் வளர்க்கும் இல்லம் நோய் வளர்க்கும் இல்லமாகிவிடலாகாது.

அடுத்த பெருமழை பெய்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒன்பதாம் நாள் விடியலில் பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள். அம்மணம் அன்று ஒருநாளே இருக்கும்.