கன்னி மூலையும் மொட்டை மாடியும்: வீடு கட்டப்போற தங்கச்சிக்கு

தங்கச்சி, மனை கிரயம் முடிஞ்ச கையோட இன்ஜினியர்கிட்ட ஓடாதே. கொஞ்சம் பொறு. புதுக்கோட்டை வெயில்ல ஒரு வீடு சுகமா இருக்குமா, அனலா கொதிக்குமாங்கிறது பிளான்ல முதல் கோடு போடுறப்பவே பாதி முடிவாயிருது. அதுக்கப்புறம் ஏசி வாங்கி, கரண்ட் பில் கட்டி, அந்தக் கோட்டோட ஆயுசு பூரா மல்லுக்கட்டணும். அந்த கரண்ட்ல பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியில வருது. வீட்டுக்கு இறங்குற சிமென்ட், கம்பி, செங்கல் எல்லாமே எங்கேயோ ஒரு சூளையில எரிஞ்சு வந்ததுதான். வீடு தானா குளிரணும், கட்டுறப்ப எழும்புற புகையும் குறையணும். நம்ம சீமையில இந்த ரெண்டும் பெரும்பாலும் ஒரே வழியிலதான் கிடைக்குது.

முதல்ல சூரியன் போற தடத்தைப் பாரு. நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்தரை டிகிரிக்கிட்ட இருக்கு. ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் உச்சி வெயில் நேரா தலைக்கு மேல நிக்கும். நடுவுல இருக்கிற மாசங்கள்ல சூரியன் சற்றே வடக்கு சாய்ஞ்சு போகும். அதனால அக்னி நட்சத்திரத்துல தெற்குச் சுவர்மேல உச்சி வெயில் விழுறதே இல்ல. மார்கழி, தையில விழும், அதையும் ரெண்டடி சன்ஷேட் தடுத்துடும். மேற்குச் சுவர் கதை வேற. மூணு மணிக்கு மேல வெயில் சாய்ஞ்சு சன்ஷேடுக்குக் கீழாலயே உள்ள நுழையும். அங்க எவ்வளவு நீளமா சன்ஷேட் இழுத்தாலும் பெரிசா பலன் கிடையாது.

இப்ப கன்னி மூலைக்கு வர்றேன். நம்ம வீடுகள்ல வாஸ்து பார்க்காம கடகால் தோண்ட மாட்டாங்க, அதை மாத்தச் சொல்லி அக்கா உன்னைச் சங்கடத்துல விடமாட்டேன். ஆனா கன்னி மூலையான தென்மேற்குல படுக்கையறை வைக்கிறப்ப, வீட்டிலேயே அதிகமா சாயங்கால வெயில் வாங்குற மூலையில படுக்கப் போறோம்ங்கிறதை மனசுல வச்சுக்க. அறையை அங்கேயே வை, மேற்குல மட்டும் ஜன்னல் வைக்காதே. ஜன்னல் தெற்குல இருக்கட்டும். மேற்குச் சுவர் முழுக்க பீரோ, அலமாரின்னு அடைச்சிடு, இல்லேன்னா அந்தப் பக்கம் அட்டாச்டு பாத்ரூமைக் கொண்டு போ. மாடிப்படி, ஸ்டோர் ரூம் எல்லாத்தையும் மேற்கு ஓரமா தள்ளிட்டா வெயிலை அதுங்களே வாங்கிக்கும்.

அடுத்தது காத்து. ஆனி, ஆடியில மேலக்காத்து, ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காத்து. மணமேல்குடி, மீமிசல் பக்கம்னா பிற்பகல்ல கடல்காத்தும் கிடைக்கும். ஒரு அறைக்கு ஒரே ஜன்னல் வச்சா காத்து உள்ள வந்து தேங்கி நின்னுடும், வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு வழி வேணும். இப்போ யாரும் வைக்காம விட்ட வென்டிலேட்டரைக் கட்டாயம் கேட்டு வாங்கு. சூடான காத்து கூரைக்குக் கீழதான் தேங்கும், அது போறதுக்கு வேற வாசல் இல்ல.

இனி மொட்டை மாடி. கோடையில நம்ம வீட்டுக்குள்ள இறங்குற சூட்டுல பெரிய பங்கு இங்கிருந்துதான் வருது. காங்கிரீட் தளம் பகல் முழுக்க சூட்டைக் குடிச்சு வச்சுக்கிட்டு, நாம சாப்பிட்டுப் படுக்கப் போற நேரத்துக்குக் கீழ இறக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஃபேன் போட்டா அனல்காத்து வருதேன்னு புலம்புறோமே, காரணம் அதுதான். தளம் போட்டதும் வேலை முடிஞ்சதுன்னு விட்டுடாதே. மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, அதுக்கு மேல தட்டோடு பதிக்கச் சொல்லு. பழைய கொத்தனார்களுக்கு இது கைவந்த வேலை. காசு இடிச்சா அதைப் பிறகு பார்த்துக்கலாம், வெள்ளை அடிக்கிறதை மட்டும் தள்ளிப் போடாதே. நல்ல சுண்ணாம்பை ராத்திரியே ஊறவச்சு, காலையில துணியில வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, நனைச்ச தளத்து மேல குறுக்கும் நெடுக்குமா ரெண்டு கோட்டிங். பங்குனியில அடிச்சா கோடை முழுக்கத் தாங்கும். மழைக்காலத்துல கரைஞ்சுதான் போகும், வருஷா வருஷம் அடிக்கணும். கையில உறை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாம யாரையும் இந்த வேலையில இறக்காதே. சுண்ணாம்பு கண்ணுல தெறிச்சா ஆபத்து.

சோலார் போடுற எண்ணம் இருந்தா அதுவும் மாடிக்கு நிழல்தான். பி.எம். சூர்யா கர் திட்டத்துல மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் இருக்கு. தளம் போடுறப்பவே பேனல் கால்களுக்கு போல்ட் வைக்கச் சொல்லிடு, பிறகு துளை போட்டா ஒழுகும்.

வெயிலைச் சமாளிச்ச பழைய வீடுகளைப் பார்க்க ஒரு ஞாயித்துக்கிழமை திருமயம் பக்கம் போயிட்டு வா. செட்டிநாடுன்னதும் எல்லாரும் காரைக்குடி, கானாடுகாத்தானைத்தான் சொல்றாங்க. ராயவரம், அரிமளம், கோனாபட்டு, கடியாபட்டி எல்லாம் நம்ம மாவட்டத்துலயே இருக்கு. கடியாபட்டியில சிதம்பர விலாஸ்ங்கிற பழைய வீட்டை ஹோட்டலா நடத்துறாங்க. 2014லேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல இடம் பிடிச்சாச்சு. அந்த வீடுகள்ல பர்மா தேக்கையும் இத்தாலி மார்பிளையும் பார்த்து மலைச்சு நின்னுடாதே. கப்பல்ல வந்த அந்த ஆடம்பரத்துல நமக்குப் பாடம் ஒண்ணும் இல்ல. நீ பார்க்க வேண்டியது வளவு. நடுவுல திறந்த வானம், சுத்தி நாலு பக்கமும் தாழ்வாரம். கூரையில நாட்டு ஓடு ஒரு அடுக்கோட நிக்காம மேல மேல அடுக்கியிருக்கும், அடுக்குகளுக்கு நடுவுல சிக்கின காத்து சூட்டை மெதுவாத்தான் விடும். தாழ்வாரம் நல்லா இறங்கியிருக்கிறதால சுவருக்கு வெயிலே தெரியாது. சுவரைத் தொட்டுப் பாரு. சுண்ணாம்புச் சாந்துல முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்ச பூச்சு, நூறு வருஷம் தாண்டியும் வழுவழுன்னு இருக்கும். பிற்பகல் ரெண்டு மணிக்கு உள்ள போய் கொஞ்ச நேரம் உட்காரு, நான் சொல்றது உடம்புக்கே புரியும்.

முப்பதுக்கு நாப்பது மனையில வளவு எங்கக்கா வைக்கிறதுன்னு கேப்பே. அவ்வளவு பெரிசு வேண்டாம். வீட்டு நடுவுல ஆறுக்கு எட்டு அடி திறப்பு, மேல கம்பி கிரில், கொசுவலை, அது போதும். சுத்தியிருக்கிற அறைக் கதவுகள் அங்க திறந்தா சூடான காத்து மேல ஏறிப் போயிரும். கண்ணாடியோ பாலிகார்பனேட் ஷீட்டோ போட்டு மட்டும் மூடிடாதே, பலனே தலைகீழாயிரும். மழைத்தண்ணிக்கு அங்கேயே குழாய் வச்சு தொட்டிக்கு விடு. ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா ஆயிரம் சதுர அடி மாடியில தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல கிடைக்கும்.

சிமென்ட் விஷயத்துல கண்டிப்பா இரு. உலகத்துல மனுஷங்களால வெளியாகுற கரியமில வாயுவுல ஏழெட்டு சதவீதம் சிமென்ட்டாலதான். சூளைக்கு எரிக்கிறது ஒரு பங்குதான். சுண்ணாம்புக்கல் சூட்டுல பிரியுறப்ப கல்லுக்குள்ள இருந்தே வாயு வெளியேறுது, அது அதை விட அதிகம். சாதாரண சிமென்ட்டான ஓ.பி.சி.ல ஒரு மூட்டைக்கு 40 கிலோ கிட்ட வாயு வரும். பி.பி.சி.ல அனல்மின் நிலையச் சாம்பல் 15ல இருந்து 35 சதவீதம் வரை கலந்திருக்கிறதால அந்த அளவு குறையும். வீட்டு வேலைக்கு பி.பி.சி. தாராளமா போதும். ஆனா அது மெதுவாத்தான் இறுகும். பத்து நாளாவது தண்ணி கட்டணும், சென்ட்ரிங்கை அவசரமா பிரிக்கக் கூடாது. இதை மேஸ்திரி முன்னாடியே இன்ஜினியர் வாயால சொல்ல வை. சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த எல்.சி.3 சிமென்ட்டுக்கு 2023ல ஐ.எஸ். தரம் வந்திருக்கு. நம்ம பக்கத்துக் கடையில கிடைச்சா விடாதே.

அதை விட நல்லது சிமென்ட்டே கம்மியா போடுறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்துல செஞ்சு காட்டின ரெண்டு முறை நமக்கும் ஒத்து வரும். ஒண்ணு எலிப்பொறிக் கட்டு: செங்கலைப் படுக்க வைக்காம குத்துக்கல்லா நிறுத்தி, நடுவுல இடைவெளி விட்டு ஒன்பது இஞ்ச் சுவர் எழுப்புறது. செங்கல் கால்வாசி மிச்சம், உள்ளிருக்கிற காத்து சூட்டையும் தடுக்கும். உன் மேற்குச் சுவருக்கு இதுதான் சரி. கோணல்மாணலான நாட்டுச் செங்கல்ல சரியா வராது, சேம்பர் செங்கல் வாங்கு. எலக்ட்ரீஷியன் பிறகு வந்து சுவரைக் கொத்தக் கூடாது, பைப் போற இடத்தை முதல்லயே குறிச்சிடு. இன்னொண்ணு தளத்துக்கு அடியில, கம்பிக்கு நடுவுல பழைய சீமை ஓட்டை வச்சு காங்கிரீட் ஊத்துறது. தளத்தோட அடிப்பாகத்துல பாரம் தாங்குறது கம்பிதான், அங்க காங்கிரீட் சும்மா கிடக்குது. அந்த இடத்தை ஓடு பிடிச்சுக்கும். கம்பி கணக்கை இன்ஜினியர்தான் போடணும், மேஸ்திரி குத்துமதிப்பா போடக் கூடாது.

உன் மனை செம்மண்ணா இருந்தா சுடாத மண் கல்லையும் யோசி. ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பல வருஷமா இதைச் சொல்லிக் கொடுக்குது. சுமார் அஞ்சு சதவீதம் சிமென்ட் சேர்த்து மெஷின்ல அழுத்துவாங்க, சூளை கிடையாது. மேல்மண்ணை ஒதுக்கிட்டு அடிமண் கொஞ்சம் எடுத்து, கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு போட்டு, தண்ணி ஊத்தி, துளி உப்பு போட்டு நல்லா குலுக்கி அசையாம வை. மறுநாள் மணல் அடியில, வண்டல் நடுவுல, களிமண் மேலன்னு அடுக்கா தெரியும். பாதிக்கு மேல சரளையும் மணலும், அஞ்சுல ஒரு பங்கு களிமண்ணும் இருந்தா அந்த மண்ணை லேபுக்கு அனுப்பலாம். களிமண் அதிகம்னா வெடிக்கும், மணல் சேர்க்கணும்.

முன்னாடி ஓட்டுத் தாழ்வாரம் போடுறப்ப கஜா புயலை மறந்துடாதே. 2018 நவம்பர் 16ல ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஓடும் ஷீட்டும் பறந்ததை நாம எல்லாரும் பார்த்தோம். தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையோட ஒண்ணா கோக்காம தனியா நிறுத்து. அது போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கிட்டுப் போகாது. உத்தரத்தைச் சுவருக்குள்ள கம்பி விட்டுப் பிணைக்கணும், ஓரத்து ஓட்டு வரிசையைச் சாந்து வச்சுக் கட்டணும்.

தரைக்கு ஆத்தங்குடி கல் போடு. மணல், சிமென்ட், சாயம், கண்ணாடித் தட்டு, கைவேலை, அவ்வளவுதான். விட்ரிஃபைடு டைல்ஸ் மாதிரி ஆயிரம் டிகிரிக்கு மேல சுடுற வேலை இதுல இல்ல. கதவு, ஜன்னலுக்குப் பழைய மரம் தேடி காரைக்குடி கடைகளுக்குப் போறது நல்லதுதான். ஆனா நல்லா நிக்கிற வீட்டை இடிச்ச மரமான்னு கேட்டுக்க. நிக்கிற வீட்டைப் பழுது பார்த்துக் குடியிருக்கிறதை விடக் குறைஞ்ச புகைல வேற எந்த வீட்டையும் கட்ட முடியாது. உன் மாமனார் ஊர் ஓட்டு வீட்டை இடிக்கிற பேச்சு வந்தாலும் இதைச் சொல்லு.

கடகால் தோண்டுற அன்னிக்கே மேற்கு எல்லையில, சுவர்ல இருந்து பதினஞ்சடி தள்ளி ரெண்டு புங்கங்கன்னு வச்சிடு. இடம் பத்தலைன்னா பந்தல் போட்டு அவரையோ கோவைக்கொடியோ ஏத்து. தண்ணி கட்டுறதுக்கு ஆள் வருவாங்கல்ல, அப்படியே கன்னுக்கும் ரெண்டு குடம் ஊத்தச் சொல்லு.