இடைநிலைப் பள்ளியில் கலைப் பாடத் துறைத் தலைமை

நமது நாட்டின் இடைநிலைக் கல்வியைச் சீரமைப்பது பற்றி ஆராய 1952-ஆம் ஆண்டில் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. மறு ஆண்டில் அறிக்கை அளித்த அக்குழு, பல்நோக்குப் பள்ளிகளில் மாணவர் தேர்ந்தெடுக்கத்தக்க ஏழு பிரிவுகளைப் பரிந்துரைத்தது. அவற்றுள் ஒன்று கலைப் பிரிவு. விஞ்ஞானம், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் ஆகியவற்றுக்குச் சமமான இடம் அதற்கு அளிக்கப்பட்டது. அத்துடன், எப்பிரிவினரும் பயில வேண்டிய பொதுப் பாடங்களில் சமூகப் பாடமும் சேர்க்கப்பட்டது.

ஏட்டில் கிடைத்த இந்தச் சமநிலை நடைமுறையில் நிலைபெறவில்லை. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்றவர் விஞ்ஞானப் பிரிவுக்கும், அடுத்த நிலையினர் வணிகப் பிரிவுக்கும், எஞ்சியோர் கலைப் பிரிவுக்கும் செல்வது பல மாநிலங்களில் எழுதப்படாத விதியாகிவிட்டது. ஆய்வுக்கூட வசதியற்ற சிற்றூர்ப் பள்ளிகளில், குறிப்பாகப் பெண்கள் பள்ளிகளில், கலைப் பிரிவு ஒன்றே இருக்கும் நிலையும் உண்டு. அங்குப் பயிலும் மாணவி அப்பிரிவை விரும்பி ஏற்றவள் அல்லள். வேறு வழியில்லாததால் ஏற்றவள். அவளுக்குக் கிடைக்கும் ஒரே கல்வி அதுவாக இருக்கும்போது, அதன் தரத்திற்கு யார் பொறுப்பு என்னும் வினா எழுகிறது. விடையின் ஒரு பகுதி அரசிடமும், ஒரு பகுதி தலைமையாசிரியரிடமும் உள்ளது. மூன்றாவது பகுதி, அதிகம் பேசப்படாத ஒருவரிடம் உள்ளது. அவரே கலைப் பாடத் துறையின் தலைவர்.

பதவியா, பொறுப்பா?

கல்லூரிகளில் துறைத் தலைவர் என்பது முறையான பதவி. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அத்தகைய தனிப் பதவியோ அதற்கான ஊதியமோ இல்லை. வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியருள் பணியில் மூத்தவர் ஒருவர், பாடக் குழுவின் அமைப்பாளர் என்ற பெயரில் இப்பொறுப்பை ஏற்கிறார். சக ஆசிரியரின் ஊதிய உயர்வையோ இடமாற்றத்தையோ அவர் தீர்மானிப்பதில்லை. ஆணையிடும் அதிகாரம் இல்லாத நிலையில், பாடங்களின் தரத்தை அவர் காக்க வேண்டியிருக்கிறது.

இது ஒரு குறையாகத் தோன்றலாம். ஆயினும், ஆசிரியப் பணியில் ஆணையால் நடப்பது மிகக் குறைவு. பாடக் குறிப்பேடு உரிய நாளில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஆணையிடலாம். பாடம் நன்கு நடத்தப்பட வேண்டும் என்று ஆணையிட இயலாது. ஆகவே, துறைத் தலைவரின் செல்வாக்கு அவரது பாட அறிவிலும், நேர்மையிலும், பிறர் பணிச்சுமையை அவர் எவ்வாறு பங்கிடுகிறார் என்பதிலும் அடங்கியுள்ளது.

நான்கு பாடங்கள், ஓர் ஆசிரியர்

பத்தாம் வகுப்புவரை சமூக அறிவியல் ஒரே பாடமாகவும், அதன்பின் தனித்தனிப் பாடங்களாகவும் கற்பிக்கப்படுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வில் அண்மை ஆண்டுகளில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், பொருளாதாரம் ஒவ்வொன்றுக்கும் 20. எஞ்சிய 20 மதிப்பெண் அக மதிப்பீட்டுக்கு உரியது.

நான்கு பாடங்களையும் ஒரு வகுப்புக்குக் கற்பிப்பவர் பெரும்பாலும் ஒரே பட்டதாரி ஆசிரியர். ஆனால், பட்ட வகுப்பில் நான்கையும் பயின்றவர் அரியர். கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளின் நியமன விதியே நான்கில் ஏதேனும் இரண்டைத்தான் கேட்கிறது. அவற்றுள் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வரலாறும் அரசியல் அறிவியலும் பயின்ற ஆசிரியர், தாம் பள்ளிப் பருவத்தில் கடைசியாகப் படித்த புவியியலையும் பொருளாதாரத்தையும் கற்பிக்க நேரிடுகிறது. இது அவரது குற்றமன்று. ஆனால், இதன் விளைவை ஏற்பவர் மாணவர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் மொத்தம் எட்டுப் பிரிவுகள் உள்ளன. வாரத்திற்கு ஒவ்வொரு பிரிவுக்கும் சமூக அறிவியலுக்கு ஆறு பாட வேளைகள். ஆசிரியர் நால்வர், ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரிவுகள், அதாவது 12 பாட வேளைகள். நால்வருள் இருவர் வரலாறும் அரசியல் அறிவியலும், ஒருவர் வரலாறும் பொருளாதாரமும், மற்றொருவர் புவியியலும் பொருளாதாரமும் பயின்றவர். வழக்கமான பங்கீட்டில், புவியியல் பயின்ற ஆசிரியரிடம் அப்பாடத்தைக் கற்கும் வாய்ப்பு எட்டில் இரண்டு பிரிவுகளுக்கே கிடைக்கும். ஆறு பிரிவு மாணவர் அவ்வாய்ப்பை இழப்பர்.

துறைத் தலைவர் இங்கு ஒரு சிறு மாற்றத்தைச் செய்யலாம். புவியியல் ஆசிரியர் மற்ற ஆறு பிரிவுகளிலும் வாரம் ஒரு பாட வேளை புவியியல் நடத்துகிறார். அதற்கு ஈடாக, ஏனைய மூவரும் அவருடைய இரண்டு பிரிவுகளிலும் வாரம் ஒவ்வொரு பாட வேளை தத்தம் பாடத்தை நடத்துகின்றனர். கணக்கிட்டால், புவியியல் ஆசிரியருக்குத் தம் பிரிவுகளில் ஆறும் பிற பிரிவுகளில் ஆறுமாகப் பன்னிரண்டு. மற்றவர்க்கும் பத்தும் இரண்டுமாகப் பன்னிரண்டே. எவருக்கும் ஒரு பாட வேளைகூடக் கூடவில்லை. புதிய நியமனமும் செலவும் இல்லை. எட்டுப் பிரிவுகளும் பயிற்சி பெற்ற புவியியல் ஆசிரியரைப் பெறுகின்றன. பொருளாதாரத்தில் ஒப்பீட்டு நலன் எனக் கூறப்படும் கோட்பாட்டின் எளிய பயன்பாடு இது.

இம்முறைக்குக் குறையும் உண்டு. ஒரு வகுப்புக்குப் பலர் பொறுப்பேற்கும்போது ஒருவரும் பொறுப்பேற்காத நிலை தோன்றக்கூடும். எனவே, பிரிவுக்குரிய ஆசிரியரே நான்கு பாடங்களின் முன்னேற்றத்திற்கும் பொறுப்பாளர் என்பது முன்னதாகவே தெளிவாக்கப்பட வேண்டும். கால அட்டவணை ஜூன் மாதத்தில் இறுதியாவதற்கு முன்பே தலைமையாசிரியரின் இசைவைப் பெறுவதும் அவசியம்; அட்டவணை அச்சான பின் எழுப்பப்படும் யோசனை, எத்துணை நல்லதாயினும், அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும்.

பாடங்களை இணைத்தல்

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2006-இல் வெளியிட்டுப் பல்லாண்டு வழக்கிலிருந்த ஒன்பதாம் வகுப்புப் பொருளாதார நூல், பாலம்பூர் என்னும் கற்பனைக் கிராமத்தில் தொடங்குகிறது. அங்கு 450 குடும்பங்கள் வாழ்கின்றன. நிலம், உழைப்பு, மூலதனம் ஆகிய உற்பத்திக் காரணிகள் அவர்கள் வாழ்க்கை வழியாக விளக்கப்படுகின்றன. இப்பாடத்தை வரையறைகளின் பட்டியலாக நடத்தவும் முடியும். ஆனால், பாசன வசதி எவ்வாறு ஆண்டுக்கு மூன்று பயிர்களைச் சாத்தியமாக்கியது என்பதைப் புவியியல் ஆசிரியர் விளக்கலாம். நிலவுடைமை சிலரிடம் குவிந்ததன் பின்னணியை வரலாற்று ஆசிரியர் கூறலாம். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருந்தும் கூலி ஏன் குறைந்து நிற்கிறது என்னும் வினாவை அரசியல் அறிவியல் ஆசிரியர் எழுப்பலாம். இவ்வாறு நால்வரும் ஒரே கிராமத்தை நான்கு வாயில்கள் வழியாகக் காட்டும்போது சமூக அறிவியல் என்னும் பெயர் பொருளுடையதாகிறது.

இதற்கு மாதம் ஒருமுறை கூடும் துறைக் கூட்டமே களம். நடைமுறையில் இக்கூட்டம் சுற்றறிக்கை வாசிப்பதிலும் கையொப்பம் இடுவதிலும் முடிந்துவிடுகிறது. கூட்டத்தின் முதற்பாதியை அடுத்த மாதத்தின் கடினமான ஒரு பாடத்துக்கு மட்டும் ஒதுக்கி, அதை நன்கறிந்தவர் மற்றவர்க்கு நடத்திக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என எதிர்பார்க்கிறது. அப்பயிற்சி அனைத்தும் வெளியூரில்தான் நடைபெற வேண்டும் என்பதில்லை.

மதிப்பெண் கூறும் செய்தி

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது ஏமாற்றக்கூடியது. இரு பிரிவுகளின் சராசரி 80-க்கு 48 என்று கொள்வோம். முதற்பிரிவு நான்கு பாடங்களிலும் 12 வீதம் பெற்றுள்ளது. இரண்டாம் பிரிவு வரலாற்றில் 17, அரசியல் அறிவியலில் 14, பொருளாதாரத்தில் 12, புவியியலில் 5 பெற்றுள்ளது. முடிவறிக்கையில் இரண்டும் சமம். ஆனால், முதற்பிரிவுக்குத் தேவை பொதுவான முன்னேற்றம். இரண்டாம் பிரிவுக்குத் தேவை புவியியல் உதவி. பாடவாரியாகப் பிரித்துப் பாராதவர் இரண்டுக்கும் ஒரே சிறப்பு வகுப்பை நடத்தி, நேரத்தை வீணாக்குவார்.

அக மதிப்பீட்டின் 20 மதிப்பெண்ணிலேயே துறைத் தலைவரின் மனத்துணிவு சோதிக்கப்படுகிறது. செயல்திட்டத்தைக் கடையில் வாங்கி ஒட்டிய மாணவருக்கும், தன் ஊர்க் கிணறுகளை நேரில் எண்ணிக் கணக்கெடுத்த மாணவிக்கும் ஒரே மதிப்பெண் வழங்கப்படுமானால், உழைப்பு வீண் என்னும் பாடத்தையே பள்ளி கற்பிக்கிறது. அனைவருக்கும் முழு மதிப்பெண் அளிக்கும் சக ஆசிரியரிடம் இதை எடுத்துரைப்பது எளிதன்று. அவரைக் கூட்டத்தில் சுட்டிக்காட்டுவதைவிட, ஐந்து செயல்திட்டங்களை நால்வரும் தனித்தனியே மதிப்பிட்டு, பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். வேறுபாடு வெளிப்படும்போது அளவுகோல் பற்றிய பேச்சு தானாகவே தொடங்கும். வகுப்புகளைப் பார்வையிடுவதிலும் இம்முறையே ஏற்றது: துறைத் தலைவர் முதலில் தம் வகுப்பைப் பிறர் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும்.

சிறந்த ஆசிரியரை எங்கு அமர்த்துவது?

பொதுத் தேர்வின் அழுத்தத்தால், துறையின் திறமை மிக்க ஆசிரியர் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஒதுக்கப்படுகிறார். புதியவரும் தற்காலிக ஆசிரியரும் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குச் செல்கின்றனர். உடனடிப் பயனை நோக்கினால் இது சரியே. ஆனால், நிலவரைபடத்தில் திசையறியும் திறனும், நூலைப் படித்துச் சொந்த நடையில் எழுதும் திறனும் கீழ் வகுப்புகளில் உருவாகின்றன. அங்கு விடுபட்டதைப் பத்தாம் வகுப்பில் ஈடுசெய்ய இருமடங்கு உழைப்பு தேவைப்படுகிறது. ஒவ்வொரு மூத்த ஆசிரியரும் ஒரு கீழ் வகுப்பையேனும் ஏற்க வேண்டும் என்பது நல்ல விதி; துறைத் தலைவரே அதை முதலில் கடைப்பிடித்தால் எதிர்ப்பு குறையும்.

சாதனங்கள் குறித்தும் ஒரு சொல். கலைப் பாடங்களுக்குச் செலவே இல்லை என்னும் எண்ணம் தவறானது. சுவர் வரைபடங்கள், உலக உருண்டை, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவிலான நிலத்தோற்ற வரைபடங்கள், மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு, பொருளாதார ஆய்வறிக்கை ஆகியன கலைத் துறையின் ஆய்வுக்கூடம். இவற்றைக் குறித்த காலத்தில் பட்டியலிட்டுக் கேட்கும் துறைக்கே பள்ளி நிதியில் பங்கு கிடைக்கும். கிடைத்தபின், அவை பீரோவில் பூட்டப்படாமல் வகுப்பறைக்குச் செல்வதைக் கவனிப்பதும் தலைவரின் கடமையே.

பெற்றோருக்குக் கூற வேண்டியது

பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போது துறைத் தலைவர் பெற்றோரைச் சந்திப்பது நல்லது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் நான்கு பொது அறிவுத் தாள்களை நடத்துகிறது. வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம் ஆகியவை அவற்றில் பெரும் இடம் பெறுகின்றன. நாட்டின் நிர்வாகத்துக்கு வருவோரிடம் அரசு எதிர்பார்க்கும் இவ்வறிவை, பள்ளியில் மட்டும் தாழ்ந்தோருக்குரியதாகக் கருதுவது முரண்பாடு. எனினும், மிகையான வாக்குறுதி கூடாது. கலைப் பிரிவில் சேர்ந்த அனைவரும் உயர் அலுவலராவதில்லை. சட்டம், ஆசிரியப் பணி, சமூகப் பணி, புள்ளியியல், இதழியல் என வழிகள் பலவுண்டு என்றும், அவற்றுள் சிலவற்றுக்குக் கணிதமும் தேவை என்றும் உண்மையைக் கூறுவதே முறை. 2020 கொள்கை கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே உள்ள கடின வேலிகளை அகற்றக் கூறுவதால், பொருளாதாரத்துடன் கணிதத்தைப் பயில அட்டவணையில் இடமுண்டா என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள சிறு பள்ளிகளில் துறை என்பதே இல்லை. கோத்தாரி குழு 1964-66-இல் பரிந்துரைத்து, 2020 கொள்கை மீண்டும் வலியுறுத்தும் பள்ளித் தொகுதி முறை இங்குப் பயன்படும். அருகிலுள்ள சில பள்ளிகளின் சமூக அறிவியல் ஆசிரியர் மாதம் ஒருமுறை கூடினால், அதுவே ஒரு துறையாகும். அக்கூட்டத்திற்கு வருவோரின் பயணப்படியையும் பணி விடுப்பையும் கல்வி அலுவலர் உறுதி செய்யாவிடில், இத்திட்டம் கோப்பிலேயே தங்கிவிடும்.

திட்டங்கள் தலைநகரில் வகுக்கப்படுகின்றன. அவற்றின் பயன் வகுப்பறையில் தீர்மானமாகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, கூடுதல் ஊதியமின்றி, கால அட்டவணையைத் திருத்தியும், விடைத்தாளைப் பாடவாரியாகப் பிரித்தும், சக ஆசிரியரோடு பொறுமையாக வாதிட்டும் பணியாற்றுபவர் துறைத் தலைவர். வாரத்தில் இரண்டு பாட வேளைகளையேனும் இப்பணிக்கென அவருக்கு விடுவிப்பது நிர்வாகத்துக்குப் பெருஞ்செலவன்று. கலைப் பிரிவைத் தவிர வேறு வழியில்லாத அச்சிற்றூர் மாணவிக்கு, அப்பிரிவு நல்ல வழியாக அமைவதற்கு அது ஒரு தொடக்கமாகும்.