தாகமும் கோப்பையும்

வாழ்க்கையின் நடுப்பகுதியில் இனம்புரியாத ஒரு வெறுமை மனிதனைப் பற்றிக்கொள்வதுண்டு. பதவி, வீடு, குடும்பம் யாவும் அமைந்திருக்கும். ஆயினும் மாலை வந்தால் கால்கள் மதுக்கூடத்தை நாடும். அங்கே அவன் தேடுவது மதுவை மட்டும்தானா? குறை கூறாமல் தன்னை ஏற்றுக்கொள்ளும் ஒரு முகத்தையும் அல்லவா தேடுகிறான்!

இந்தத் தேடலை வேதாந்தம் பழிப்பதில்லை. பல கலைகளைக் கற்றும் துயரம் நீங்காமல் நாரதர் சனத்குமாரரை நாடியதைச் சாந்தோக்ய உபநிஷதம் கூறுகிறது. எல்லையற்ற பொருளே இன்பத்தின் இருப்பிடம் என்பது அவர் பெற்ற உபதேசம். ஆசை நிறைவேறும் கணத்தில் மனம் சற்றே ஓய்கிறது. ஓய்ந்த மனத்தில் ஆன்மாவின் ஆனந்தம் பிரதிபலிக்கிறது. நாமோ அதைக் கோப்பை தந்த இன்பம் என்றெண்ணி, மறுநாளும் கோப்பையிடமே செல்கிறோம். தாகம் உண்மையானது, தேடும் இடமே தவறு.

வங்க நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷின் வாழ்வு இதற்குச் சான்று. 1844-இல் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பின்னர் மனைவியையும் இழந்தார். கல்கத்தா நாடக மேடையில் புகழ் வளர்ந்தது. குடியும் உடன் வளர்ந்தது. 1884 செப்டம்பர் 21 அன்று, அவரது 'சைதன்ய லீலா' நாடகத்தைக் காண ஸ்ரீராமகிருஷ்ணர் ஸ்டார் தியேட்டருக்கு வந்தார். அப்போது கிரீஷுக்கு வயது 40.

பின்னர் ஓர் இரவு, கிரீஷ் குடிமயக்கத்தில் தட்சிணேசுவரம் சென்றார். குருதேவர் கடிந்துகொள்ளவில்லை, அவரது கைகளைப் பற்றிக்கொண்டு இறைநாமம் பாடி ஆடினார். மதுவை விட்டுவிடுமாறு கட்டளையிடவும் இல்லை. காலையும் மாலையும் இறைவனை நினைக்குமாறு மட்டும் கூறினார். அதற்கும் உறுதியளிக்க கிரீஷ் தயங்கினார். அப்படியானால், வழக்கறிஞருக்கு வக்காலத்து அளிப்பதுபோலத் தம் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைத்துவிடுமாறு குருதேவர் பணித்தார். இது மிக எளிது என்று கிரீஷ் மகிழ்ந்தார். ஆனால், 'நான் செய்வேன்' என்று சொல்லும் உரிமையையே அன்று கொடுத்துவிட்டோம் என்பது அவருக்குப் பின்னரே விளங்கியது. இருவேளை நினைக்க இயலாதவர், மூச்சுக்கு மூச்சு நினைக்கலானார்.

இதைக் குடிக்கு அளித்த சலுகையாகக் கொள்ளலாகாது. குடிநோய் உடலையும் பற்றும் நோய். அதற்காக மருத்துவரை நாடுவது பக்திக்குக் குறைவன்று.

மாலையில் அமைதியின்மை எழும்போது, எழுந்து ஓடாமல் சற்று அமர்ந்து, 'நான் உண்மையில் வேண்டுவது எது?' என்று கேட்டுப் பார்ப்போம். நம் இல்லத்தில் அவ்வாறு தவிப்பவர் ஒருவர் இருந்தால், கண்டிக்கும் முன் அவரது கையைப் பற்றுவோம். குருதேவர் முதலில் செய்தது அதுவே.